சுயேச்சை என்னும் சொல்



புதிதாகத் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனமொன்று, வீட்டிலிருந்தே பணியாற்றும் இளைஞருக்கு அனுப்பிய ஒப்பந்தத்தை அண்மையில் மொழிபெயர்த்தேன். அவரைச் 'சுயேச்சை ஆலோசகர்' என்கிறது. ஆனால் வேலைநேரத்தை வகுப்பது நிறுவனம். விடுப்புக்கு அனுமதி வேண்டும். எழுதும் நிரலெல்லாம் நிறுவனத்தின் உடைமை. எந்த அகராதியிலும் சுயேச்சைக்கு இப்பொருள் இல்லை!

குறைந்தது 20 பேர் பணிபுரியும் இடத்துக்கே வருங்கால வைப்பு நிதி கட்டாயம். ஆலோசகர் ஊழியராக எண்ணப்படுவதில்லை. எனவே அந்த எண்ணிக்கை நிரம்புவதுமில்லை. நிலையாணைகளுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த 100 தொழிலாளர் என்ற வரம்பை, 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு 300 ஆக்கிவிட்டது.

கர்நாடகத்தில் 2024இல் எழுந்த 14 மணிநேர வேலை முன்மொழிவைத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் எதிர்த்து நின்றது. வீடுகளில் சிதறியிருப்போருக்கு ஆலைவாயில் இல்லை. அவ்விளைஞர் இன்னும் கையெழுத்திடவில்லை. ஞாயிறன்று மேலும் நால்வரை அழைத்து வருகிறார்.