பிப்ரவரி 12: எண்ணைப் படிச்சிட்டு போஸ்ட் போடுவோம்

(பிளவக்கல்லில் 2026 ஜனவரியில் நடந்த ஐடி விங் பயிற்சிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல என் தப்பை ஒத்துக்கறேன். 2025 அக்டோபர் மாத சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்னு வந்தப்ப, "விலையே ஏறலையாம், கணக்கு பொய்"னு மீம் போட்டேன். நல்லா ஷேர் ஆச்சு. மறுநாள் எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டார்: "ஏம்ப்பா, போன வருஷத்துக்கு இந்த வருஷம் தக்காளி கம்மிதானே?" என்கிட்ட பதில் இல்ல.

கணக்கு பொய் இல்ல, நான்தான் சரியாப் படிக்கல. இந்த அணையையே பாருங்க. மடையை அடைச்சாச்சு, வரத்து 100 கன அடியில இருந்து 10 ஆயிருச்சு. தண்ணி மட்டம் இறங்கிருச்சுன்னு யாராவது சொல்வோமா? மெதுவா ஏறுதுன்னுதான் சொல்வோம். பணவீக்கம் வரத்து மாதிரி. விலைங்கிறது மட்டம். 2024 அக்டோபர்ல பணவீக்கம் 6.21 சதவீதம். அதாவது 2023-ல 100 ரூபாய் ஆன செலவு 106 ரூபாய் 21 காசு ஆச்சு. அதுமேல 0.25 சதவீதம் ஏறி, 2025-ல 106 ரூபாய் 48 காசு. ஏறின ஆறு ரூபாய் இறங்கவே இல்ல. நான் போட்டிருக்க வேண்டிய போஸ்ட் இதுதான்.

இப்ப வர்றதுக்கு வருவோம். பிப்ரவரி 12 சாயங்காலம் 4 மணிக்கு புது விலைக் குறியீடு வருது. அடிப்படை ஆண்டு 2012-ல இருந்து 2024-க்கு மாறுது. பழைய பட்டியல்ல சிடி, கேசட் எல்லாம் இன்னும் இருந்துச்சு (கேசட் கடையைக் கடைசியா எப்ப பாத்தோம்?). உணவுக்கு 45.86 சதவீத எடை. இனி எடைகள் மாறும். அதனால பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்துல வச்சு கார்டு போடாதீங்க, ப்ளீஸ்.

பிப்ரவரி 27-ல ஜிடிபி, அதுவும் புது அடிப்படையில. போன காலாண்டு வளர்ச்சி 8.2 சதவீதம். ஆனா காலாண்டுக் கணக்குல சத்திரப்பட்டி பேண்டேஜ் தறி மாதிரி சின்னத் தொழிலை நேரா எண்ணுறது கம்மி. பெரிய கம்பெனி போக்கை வச்சுத்தான் பெரும்பாலும் மதிப்பிடுறாங்க. பெரிய மில்லும் தறியும் ஒரே திசையில போனா சரி. போகலன்னா? பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி ஜனவரி 1-ல இருந்து திரும்ப வந்திருச்சு. அதனால ராஜபாளையத்துல ஷிப்ட் குறைஞ்சாலும் இந்த எண்ல தெரியாது. இது அக்டோபர்-டிசம்பர் கணக்கு.

அதனால கிளைக்கு ஒருத்தர், 12-ஆம் தேதி சாயங்காலம் உங்க கடையில அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், பால், தக்காளி விலையைக் குறிச்சு அனுப்புங்க. போன வருஷ பில் வீட்டுல கிடந்தா அதையும் போட்டோ எடுங்க. தறி வேலை வாரம் எத்தனை நாள் ஓடுதுன்னு சத்திரப்பட்டித் தம்பிங்க கேட்டு எழுதுங்க. அன்னிக்கு ராத்திரி 9 மணிக்குள்ள வந்துட்டா, மறுநாள் காலையில கார்டு ரெடி.