அரங்கேற்றத்துக்கு முன்னால் ஊர்க்கூட்டம்



ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்துக்காரர்களுக்கு அக்னி வசந்த விழாவைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இராத்திரியில் கூத்து. ஒரு நாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில், மண்ணால் செய்த துரியோதனன் கோயில் வெளியில் நீட்டிப் படுத்திருப்பான். படுகளம் முடிந்து, திரௌபதி கூந்தலை முடிந்த பிறகு சாயங்காலம் தீமிதி.

இத்தனை பெரிய நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது, முதலாளியும் கிடையாது. தலைக்கட்டு வரி போட்டு, உபயதாரர்களின் பெயரை நோட்டீசில் அச்சடித்து, கூத்து ஜமாவுக்குத் தாம்பூலம் வைத்து, பந்தலும் மைக் செட்டும் பேசி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, கடைசியில் கணக்கும் ஒப்புவிப்பது ஊர்தான். கூத்தைப் பற்றிப் பேசும்போது வேடத்தையும் அடவையும் முகவீணையையும் பேசுகிறோம். அந்த ஊர்க்கூட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் மாவட்டத்து ஊர்களில் நாடகம் போட ஆசைப்படுகிற இளைஞர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பகலெல்லாம் விசைத்தறி ஓட்டுகிறவர், காக்களூர் தொழிற்பேட்டைக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர், பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பெண்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. ஆசை ஒன்றுதான் கூலி. இப்படிப்பட்ட குழுக்கள் முதல் நாடகத்தை அமர்க்களமாகப் போடும், இரண்டாவதைத் தட்டுத்தடுமாறிப் போடும், மூன்றாவதற்குள் கலைந்துவிடும். நடிக்கத் தெரியாததால் கலைவதில்லை. கணக்கு யாருக்கும் தெரியாததால் கலையும். கதாநாயகன் வேடம் எப்போதும் ஒருவருக்கே போவதால் கலையும். எல்லாருடைய பணத்திலும் வாங்கிய ஆர்மோனியம் ஒருவர் வீட்டுப் பொருளாக மாறுவதால் கலையும். நெசவு தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது சுலபம். பாவில் சிக்கு இருந்தால் அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நாடகக் குழுவின் பாவு, அது முடிவெடுக்கும் முறை.

இந்த முறையை அழகாக வகுத்து வைத்திருந்தவர்கள் இலங்கையின் மட்டக்களப்புத் தமிழர்கள். வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகைக் கூத்து அங்கே உண்டு. ஆடுகிறவர்கள் ஊர்க்காரர்கள். வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் கூத்துப் பழகுவார்கள். முதலில் ஊர்ப் பெரியவர்கள் கூடி இந்த முறை எந்தக் கூத்து என்று பேசி முடிப்பார்கள். ஆட்டமும் பாட்டும் மத்தளமும் அறிந்த ஆசிரியரான அண்ணாவியாரை அழைத்து வருவார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் சட்டம் கொடுத்தல் நடக்கும்.

சட்டம் கொடுத்தல் என்பது வேடம் பிரித்துத் தருவது. ஆட விரும்புகிறவர்கள் ஊர் முன்னிலையில் வந்து நிற்பார்கள். அண்ணாவியார் குரலைப் பார்ப்பார், உடல்வாகைப் பார்ப்பார், தாளக்கட்டைப் பார்ப்பார். இன்னாருக்கு அர்ச்சுனன், இன்னாருக்குத் துரியோதனன் என்று முடிவு செய்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார். பெரிய வேடத்துக்குப் போட்டி வருவது சகஜம். ஆனால் முடிவு நாலு பேர் முன்னால் நடக்கிறது. கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிடலாம். ஏட்டைக் கையில் வாங்கியவர் ஊருக்கு வாக்குக் கொடுத்தவராகிறார். நடுவில் விட்டுவிட்டுப் போவது அத்தனை சுலபமில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணியும் விழா, அடுக்குப் பார்த்தல் என்கிற முழு ஒத்திகை, கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்தக் கூத்து, எவ்வளவு செலவு, எப்போது அரங்கேற்றம் என்பதெல்லாம் ஊரின் பொறுப்பு. யாருக்கு எந்த வேடம், எப்படி ஆடுவது என்பது அண்ணாவியாரின் பொறுப்பு. பணம் கொடுத்தவர் என்பதற்காக ஒருவர் களரி என்கிற ஆடுகளத்துக்குள் புகுந்து ஆட்டத்தைத் திருத்த முடியாது. ஆட்டம் அறிந்தவர் என்பதற்காக அண்ணாவியார் ஊர்ப் பணத்தைத் தன் விருப்பப்படி செலவு செய்யவும் முடியாது. இரண்டு அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுக்கிற குழு, அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் களைத்துப் போகிற நாளில் கலைந்துவிடும்.

இனி சென்னைக்கு வருவோம். 1891-ஆம் ஆண்டு. பல்லாரியிலிருந்து வந்த சரச விநோதினி சபை சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். நாடகக்காரர் என்றாலே கூத்தாடி என்று ஏளனமாகப் பேசிய காலம் அது. அந்த நாடகங்களைப் பார்த்த 18 வயது மாணவர் பம்மல் சம்பந்த முதலியார், நண்பர்களோடு சேர்ந்து அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சம்பளத்துக்கு நடிப்பவர் அதில் கிடையாது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள், அவர்களே நடித்தார்கள். வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் வேஷம் கட்டினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் நடித்தவர்தான். சம்பந்த முதலியார் பிற்காலத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார்; 90-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்; 1959-இல் பத்மபூஷண் விருது பெற்றார். ‘நாடக மேடை நினைவுகள்’ என்று அவர் எழுதிய நூலில் நாடகம் எழுதிய கதையோடு சபையை நடத்திய கதையும் இருக்கிறது. நாடகக் குழு நடத்த விரும்புகிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. தமிழின் பெயர்பெற்ற பயில்முறை நாடக சபைக்கு வித்தாக விழுந்தவை தெலுங்கு நாடகங்கள். சுகுண விலாச சபையும் தமிழ், தெலுங்கு இரண்டிலும் நாடகம் நடத்தியது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. எல்லை மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. இன்றும் ஒரே தெருவில் இரண்டு மொழியும் கேட்கிறது. அப்படிப்பட்ட ஊரில் நாடகம் எந்த மொழியில் என்பதும் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவுதான். ஒரு ஆண்டு தமிழ், மறு ஆண்டு தெலுங்கு என்று வைக்கலாம். ஒரே நாடகத்தில் மாமியார் தெலுங்கிலும் மருமகள் தமிழிலும் பேசலாம். நம் வீடுகளில் அப்படித்தானே பேசுகிறோம். பேசாமல் விட்டால் பாதி ஊர் இது நம்முடைய நாடகம் இல்லை என்று ஒதுங்கிவிடும்.

சுகுண விலாச சபை இன்னொரு பாடத்தையும் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. விக்டோரியா பப்ளிக் ஹாலில் பல காலம் நாடகம் நடத்திய அந்தச் சபை, பிற்பாடு மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குப் போனது. இன்றும் அது அதே சாலையில் இருக்கிறது, உறுப்பினர்களின் பொழுதுபோக்கு மன்றமாக. நாடகம் அங்கே முதல் வேலையாக இல்லை. யாரும் நாடகத்தை வேண்டாம் என்று விரட்டியிருக்க வேண்டியதில்லை. கட்டடம் வந்தால் அதைப் பராமரிக்க வருமானம் வேண்டும். வருமானத்துக்கு உறுப்பினர் வேண்டும். நாடகத்துக்காக வராத உறுப்பினர் பெருகினால், கூட்டத்தில் அவர்கள் கைதான் அதிகம் உயரும். ஆகவே, சொந்தக் கட்டடம் கட்டுவோமா என்று ஒரு குழு கேட்கும்போது, ஆண்டுக்கு இத்தனை நாடகம் கட்டாயம் என்பதை முதலில் விதியாக எழுதி வைத்துவிட்டுப் பிறகு செங்கல் வாங்க வேண்டும்.

அடுத்து, பெண்கள். மரபுக் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். சுகுண விலாச சபையிலும் அப்படித்தான். நமக்குப் பக்கத்தில், காஞ்சிபுரத்தில், 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் ஒரு குருகுலம் அமைத்தது. பி. ராஜகோபால் அங்கே ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தார். கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி, கிரீடம் வைத்து, ராஜ வேடத்தில் பெண்கள் ஆடினார்கள். காலகாலமாக ஆண்களுடையதாக இருந்த மேடை, ஒரு சங்கம் எடுத்த முடிவால் திறந்தது. நம் ஊர்க் குழுக்களும் இந்த முடிவை எடுக்க வேண்டும். வேடம் கொடுத்தால் மட்டும் போதாது. ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், பெண்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது, உடை மாற்ற அறை எங்கே என்று பேசி முடிக்க வேண்டும். பேசி முடிக்கிற இடத்தில் பெண்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். மேடையில் திரௌபதி இருந்து, கமிட்டியில் ஒரு பெண் கூட இல்லாவிட்டால், அந்தத் திரௌபதி அடுத்த ஆண்டு வரமாட்டாள்.

சட்டமும் நமக்கு உதவியாக இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது பாதுகாப்பாகத் தெரிகிறது. பதிவு செய்த சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு இருந்தால் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் பணம் எடுக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். கிரீடப் பெட்டியும் ஆர்மோனியமும் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறும். 3 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்றால், தலைவரை மாற்றுவதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. கை தூக்கினால் போதும்.

பணத்தில் ஒரு சின்ன விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூத்து நடக்கும்போது, நல்ல கட்டத்தில் யாராவது எழுந்து வந்து சன்மானம் கொடுப்பார். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவான். அந்த நோட்டு யாருடையது? வாங்கிய நடிகருடையதா, குழுவுடையதா, மத்தளம் அடித்துப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் பங்கு உண்டா? அன்றிரவு கைக்கு வந்த பிறகு இதைப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். முதல் கூட்டத்திலேயே பேசி ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நோட்டைக் காட்டினால் போதும்.

ஒத்திகை நேரமும் அப்படித்தான். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் வாரம் தவறாமல் மாலையில் வர முடியாது. ஆகவே யார் வராவிட்டாலும் ஒத்திகை நடக்கும்படி ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் இன்னொருவர் பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மேடை உறுதி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டாமவர், தான் வெறும் காத்திருப்புப் பட்டியல் என்று மனம் நொந்து நின்றுவிடுவார்.

நேயர்களே, கைபேசித் திரையில் உலகத்து நாடகமெல்லாம் பார்க்கலாம். ஆனால் நம் தெருவில் காய்கறி விற்கிற அண்ணன் தருமராகி நிற்பதையும், பக்கத்து வீட்டு அக்கா பாஞ்சாலியாகி நியாயம் கேட்பதையும் எந்தத் திரையும் தராது. அந்த அண்ணனும் அக்காவும் ஆண்டுக்காண்டு மேடை ஏற வேண்டுமானால், அவர்களை நம்பிக்கையோடு வைத்திருக்கிற குழு வேண்டும்.

வருகிற பொங்கலுக்கு நாடகம் போட நினைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதையைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நாள் எல்லாரும் கூடுங்கள். மேடையில் யார் சொல் இறுதி, பணத்தில் யார் சொல் இறுதி என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அடுத்த தேர்தல் எப்போது என்று தேதி போடுங்கள். நாடகம் முடிந்த 10 நாளுக்குள் வரவு செலவை எழுதி, உபயதாரர் பெயர் ஒட்டிய அதே சுவரில் ஒட்டுவோம் என்று தீர்மானம் போடுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வாத்தியாரை அழைத்து வந்து முதல் பாட்டைத் தொடங்குங்கள்.