பருந்து வேறு, பாறு வேறு



தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மில் பலரும் புதிய ஊருக்குச் சென்ற சில திங்களுக்குள் அங்குள்ள கடைத்தெருவை அறிந்துகொள்கிறோம். பேருந்து எண்களை மனப்பாடம் செய்கிறோம். காய்கறிகளின் பெயர்களை அவ்வூர் மொழியிலேயே சொல்லவும் பழகிவிடுகிறோம். ஆனால் தலைக்குமேல் பறப்பது இன்னதென்று எவரையும் கேட்பதில்லை. புனே நகரில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் நாங்களும் அவ்வாறே இருந்தோம். வானில் எது வட்டமிட்டாலும் அது எங்களுக்குப் பருந்து; சற்றுப் பெரிதாகத் தோன்றினால் கழுகு. அவ்வளவே எங்கள் பறவை அறிவு.

இவ்வறியாமை ஒருநாள் எம் தொழிலிலேயே எம்மைத் தலைகுனிய வைத்தது. எம் தொழில் மொழிபெயர்ப்பு. மாடுகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் கொடுக்கப்பட்டுவந்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று தமிழாக்கத்திற்காக எம் மேசைக்கு வந்தது. ஆங்கில மூலத்தில் 'வல்ச்சர்' என்றிருந்த இடத்திலெல்லாம் 'கழுகு' என்று எழுதினோம். அகராதியும் அதற்கு இடம் கொடுத்தது. பின்னர் விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்றபோது, மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் அந்தத் தாளைக் காட்டி, "ஏன் தம்பி, கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிற கழுகையா அரசாங்கம் காப்பாற்றச் சொல்கிறது?" என்று கேட்டார். அவர் மனக்கண்ணில் நின்றது பருந்து. எச்சரிக்கை குறித்ததோ, செத்த மாட்டைத் தின்று ஊரைத் தூய்மை செய்யும் பாறு. ஒரு சொல் பிழைத்தது. செய்தி போய்ச் சேரவில்லை.

அந்த வெட்கமே எங்களை வேதாள் டேக்டியின் மேல் ஏற்றியது. புனே நகருக்குள் மிக உயர்ந்த இடம் இக்குன்று. ஞாயிறு காலைகளில் தமிழ்க் குடும்பங்கள் சிலவாகச் சேர்ந்து அங்கே செல்லலானோம். அரசு அலுவலர் பறவை பார்ப்பது இவ்வூருக்குப் புதிதன்று. தக்காணத்தில் பம்பாய் அரசுக்காகப் புள்ளிவிவரம் திரட்டிய கர்னல் சைக்ஸ் என்பவர், 1832-இல் இப்பகுதிப் பறவைகளின் பட்டியல் ஒன்றை லண்டனில் வெளியிட்டார்.

வேட்டைப் பறவைகளை இனங்காண்பதில் நாங்கள் கற்ற முதற்பாடம், நிறத்தை நம்பக்கூடாது என்பது. உயரத்தில் வெயிலுக்கு எதிரே பறக்கும் எதுவும் கறுப்பாகவே தெரியும். மேலும், குஞ்சுப் பருவத்தில் ஒரு நிறமும் வளர்ந்தபின் வேறு நிறமுமாக இருப்பவை பல. ஆகவே மூன்று கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். வால் எப்படி இருக்கிறது? சிறகு எப்படி இருக்கிறது? பறக்கும் முறை எப்படி?

நகரத்துக் குப்பைமேடுகளின் மேல் சுற்றும் கரும்பருந்தைப் பாருங்கள். அதன் வால் நுனி நடுவில் பிளவுபட்டிருக்கும். படகின் சுக்கானைப்போல் வாலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே பறக்கும். ஆனால் வாலை முழுவதும் விரித்துவிட்டால் அப்பிளவு மறைந்துபோகும். மடக்கும்வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும். ஏரிக்கரைகளில் காணும் செம்பருந்துக்கு, அதாவது நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடனுக்கு, வால் நுனி வட்டமானது. செம்மேனியும் வெண்தலையும் வளர்ந்த பறவைக்கே உண்டு. அதன் இளம்பறவை பழுப்பு நிறமாதலால் கரும்பருந்தோடு மயங்கும். அப்போது வாலே வழிகாட்டி.

தெருவோர மரத்திலிருந்து புறா அளவுள்ள ஒன்று பாய்ந்து சென்றால் அது பெரும்பாலும் வல்லூறு. ஷிக்ரா என்று இவ்வூரார் சொல்வது இதனையே. குட்டையான வட்டச் சிறகு, பட்டைகள் கொண்ட நீண்ட வால். சில முறை வேகமாகச் சிறகடித்துப் பின் சற்றே வழுக்கிச் செல்லும். இதனைப் போலவே வேடமிட்ட பறவை ஒன்றும் உண்டு. அது அக்காக்குயில். மழைக்கு முன்னே கூவுவதால் மராட்டியர் அதனைப் பாவ்ஷா என்று அழைத்து மகிழ்கின்றனர். உடலும் வாலும் பறப்பும் வல்லூறுவையே ஒத்திருப்பதால் சிறு குருவிகளும் ஏமாந்து அலறுகின்றன. அமர்ந்தபின் அலகைப் பார்த்தால் உண்மை வெளிப்படும். வல்லூறுக்குக் கொக்கிபோல் வளைந்த அலகு. குயிலுக்கு மெல்லிய அலகு.

நகரத்தை விட்டுச் சாஸ்வட் பக்கத்துப் புல்வெளிக்குச் சென்றால் காட்சி மாறுகிறது. மின்கம்பியில் சாம்பலும் வெண்மையுமாக, தோளில் கறுப்புத் திட்டும் சிவந்த கண்ணுமாக அமர்ந்திருப்பது கருந்தோள் பருந்து. எலியைக் கண்டதும் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களைத் தொங்கவிட்டு இறங்கும். குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வருகின்றன. அவை புல் நுனிக்குச் சற்று மேலே, சிறகுகளைத் தோளுக்குமேல் தூக்கிப் பிடித்தவாறு, எதையோ தேடுவதுபோல் தாழப் பறக்கும். நம்மைப்போல் பிழைப்புக்காக வெளியூர் வந்தவை என்று எண்ணி அவற்றின்மீது எங்களுக்குத் தனி அன்பு. அவற்றின் ஆண்களை ஓரளவு பிரித்தறியலாம். பெண்களும் இளம்பறவைகளும் இனத்திற்கு இனம் ஒன்றுபோலவே இருப்பதால், எங்கள் குறிப்பேட்டில் பலமுறை 'பூனைப்பருந்து. இனம் தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறோம். தெரியாததைத் தெரியாதென எழுதுவது இக்கலையில் இழுக்கன்று.

இப்புல்வெளிகளை அரசு ஏடுகள் பலகாலம் 'தரிசு' என்றே குறித்துவந்தன. அச்சொல்லை நாமே எத்தனை முறை மொழிபெயர்த்திருப்போம்! மரமில்லாத இடம் வெற்றிடம் என்று எண்ணியது மற்றொரு சொற்பிழை. இன்று புனே மாவட்டத்தின் இந்தாபூர் வட்டத்தில் கடபன்வாடிப் புல்வெளியை மக்கள் சென்று கண்டுகளிக்க வனத்துறையே வழிசெய்திருக்கிறது.

இனி, நாம் பிழைசெய்த பாறுக்கு வருவோம். அகன்ற பலகைபோன்ற சிறகு, குட்டை வால், சிறிய தலை. சிறகடிக்காமல் நெடுநேரம் மிதக்கும். மஞ்சள் முகப் பாறுக்கு வெள்ளை உடலும் கறுத்த சிறகோரமும் ஆப்புப்போன்ற வாலும் அடையாளம். செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் வந்து சோறுண்ட பறவைகள் இவையே. பார்த்துவந்தோர் சிலர் பருந்தென்றனர், சிலர் கருடன் என்றனர். 1990-களுக்குப் பிறகு அவை வருவது நின்றுபோயிற்று.

வெண்முதுகுப் பாறுகள் முன்னாளில் நம் நாட்டில் எண்ணிறந்தவையாக இருந்தன. ஆய்வாளர் கணக்குப்படி 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியது. டைக்ளோஃபினாக் செலுத்திய மாடு இறந்து, அதனைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டதே முதன்மைக் காரணம் என்பது 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டதால் 2015-இல் குப்பியின் அளவும் 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடுகட்டி வாழ்கின்றன.

அடுத்த விடுமுறையில் அதே பெரியவரிடம் சென்றோம். இம்முறை 'கழுகு' என்று சொல்லவில்லை. பறவையின் கழுத்தையும் சிறகையும் விவரித்து, பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவா தம்பி! செத்த மாட்டைக் கொண்டுபோய்ப் போட்டால் வானத்திலிருந்து கூட்டமாக இறங்குமே! அதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! எங்கே போயிற்றென்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லையே" என்றார். பிறகு அவரே அந்த மருந்தின் பெயரை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நேயர்களே, நாளைக் காலையில் நீங்கள் இருக்கும் ஊரின் வானத்தை அண்ணாந்து பாருங்கள். வால், சிறகு, பறப்பு என்ற மூன்றையும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்கள் மொழியில் அதன் பெயரென்ன என்றும் கேளுங்கள். நம் பெயரையும் அவருக்குச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஒன்று காணாமற்போனால் யாரேனும் ஒருவர் தேடுவார். பெயரறியாத ஒன்று போய்விட்டால், போனதுகூட நமக்குத் தெரியாது.