வாய் திறந்தபின் வரட்டும் இலக்கணம்

நடுவர் அவர்களே, கையில் இலக்கணப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

மொழியைக் கற்க முதல் துணை இலக்கணமா, பழக்கமா? பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

பெற்ற பிள்ளை முதன்முதலா "அம்மா"ன்னு கூப்பிடுது. எந்தத் தாயாவது, "இரு கண்ணு, இது எட்டாம் வேற்றுமை, விளின்னு சொல்லிட்டு அப்புறம் கூப்பிடு"ன்னு சொன்னாளா? (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போடு போட்டார்கள். "புதுச்சேரி மண்ணாடிப்பட்டுக் கொம்யூனுக்குப் போய்ப் பாருங்க. அங்கே திருபுவனையில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இலக்கணம் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார்கள். உண்மைதாங்க. வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு இருக்கிறது. 1048-ஆம் ஆண்டு, முதலாம் இராசாதிராச சோழன் காலம். 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள்.

ஆனா அம்மா, கல்வெட்டைப் பாதியில விட்டுட்டீங்களே! அந்தப் பாடங்களில் வியாகரணம் என்று ஒன்று, ரூபாவதாரம் என்று இன்னொன்று. ரெண்டுமே வடமொழி இலக்கணந்தான். அப்புறம் எதுக்கு ரெண்டு?

பாணினி எழுதியது ஏறத்தாழ 4000 சூத்திரம். ஒரு சொல்லின் உருவத்தை அமைக்க இங்கே ஒரு விதி, எங்கேயோ தள்ளி இன்னொரு விதி. புதுசா படிக்கிற பிள்ளை திணறிப் போவான். பௌத்தரான தர்மகீர்த்தி அதே சூத்திரங்களை எடுத்து, கற்கிறவனுக்கு எது எப்போது வேண்டுமோ அந்த வரிசையில் மாற்றி அடுக்கினார். அதுதான் ரூபாவதாரம்.

பக்கத்திலே விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். அங்கே இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு கணக்கே கொடுக்கிறது. இளைய மாணவரில் 40 பேருக்கு ரூபாவதாரம். மூத்தவரில் 25 பேருக்கு வியாகரணம். ஆக, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மாணவனை இலக்கணத்துக்கு ஏற்ப வளைக்கவில்லை. மாணவனுக்காக இலக்கணத்தை வளைத்தார்கள்! (கைதட்டல்)

"அதுவும் இலக்கணந்தானே" என்பீர்கள். சரி, தமிழுக்கே வருவோம். தொல்காப்பியர் எதை ஆராய்ந்து நூல் செய்தார் என்று பாயிரம் சொல்கிறது: வழக்கு, செய்யுள். முதலில் நிற்பது எது? வழக்கு! மக்கள் பேச்சு முன்னே, புலவர் பாட்டு பின்னே.

இத்தாலியிலிருந்து வந்தார் வீரமாமுனிவர். தமிழ் கற்க வரும் பாதிரிமாருக்காக 1728-ல் ஓர் இலக்கணம் எழுதினார். எந்தத் தமிழுக்கு? கொடுந்தமிழுக்கு, நாம வாசல்ல நின்னு பேசுற தமிழுக்கு. செந்தமிழ் இலக்கணம் 1730-ல்தான். முதலில் சந்தைத் தமிழ், பிறகு சங்கத் தமிழ்!

நடுவர் அவர்களே, இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. திருபுவனைக் கல்விச்சாலை வேதம் ஓதும் குலத்தாருக்கானது. அவர்களுக்கு நெல் விளைவித்துக் கொடுத்த உழவனின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இன்றைக்கு அந்த உழவர் வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில உட்கார்ந்திருக்கா. எழுந்து நின்னு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுறா. கடைசியில ஒரு 'எஸ்' விட்டுப் போச்சு. வகுப்பே சிரிக்குது. அன்னைக்கு மூடின வாயை அவ நேர்முகத் தேர்விலேயும் திறக்கறதில்லீங்க. அவளுக்கு அறிவா இல்லை? தைரியத்தைப் பிடுங்கிட்டோம்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே வந்தவனுக்கு அது விளக்கு. அதையே வாசலில் காவல்காரனாக நிறுத்தினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவன் மட்டுந்தான் உள்ளே இருப்பான். (கைதட்டல்)

அவள் முதலில் பேசட்டும். தப்பும் தவறுமாகவே பேசட்டும். திருத்த நாளைக்கு நேரமிருக்கிறது. எனவே மொழியைக் கற்க முதல் துணை பழக்கமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள்.