பழைய சதுக்கத்தில் புதிய அதிகாரம்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)

மாஸ்கோவின் ‘பழைய சதுக்க’த்தில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் கமிட்டி இயங்கிய கட்டிடத்தில், இன்று ரஷ்ய ஜனாதிபதியின் நிர்வாக அலுவலகம் இயங்குகிறது.

1993 அக்டோபரில் யெல்த்சினின் டாங்கிகள் நாடாளுமன்றத்தைத் தாக்கின. டிசம்பரில் வந்த அரசியல் சட்டத்தின் 83வது பிரிவு, இவ்வலுவலகத்தை அமைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கே அளித்தது. பிரதமர் நியமனத்திற்கு டூமாவின் ஒப்புதல் வேண்டும். இந்த அலுவலகத்தின் தலைவருக்கோ, துணைத் தலைவர்களுக்கோ அது தேவையில்லை. 2000ஆம் ஆண்டு முதல் கூட்டாட்சி மாவட்டங்களைக் கண்காணித்துவரும் ஜனாதிபதியின் பிரதிநிதிகளும் இதன் அங்கமே. புடின் இங்கே துணைத் தலைவராகவும், மெத்வதேவ் தலைவராகவும் இருந்தவர்கள்.

மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்லாத அலுவலகம் ஓங்கும்போது, வாக்குரிமை மக்களிடம் இருக்கும், அதிகாரம் இருக்காது. எனவே எந்த ஆட்சியமைப்பை ஆராயும்போதும், ‘ஆள்பவர் யார்?’ என்பதோடு நில்லாமல், ‘அவரைக் கேள்வி கேட்பவர் யார்?’ என்றும் கேட்போம்.