பிள்ளைக்குப் பெரிய நோய் வந்தால்



மஹரகம ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் இலவசம்தான். ஆனால் பிள்ளையோடு வார்டில் நிற்கிற அம்மாவுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. பஸ் காசு, கடைச் சாப்பாடு எல்லாம் கைக்காசு. முதலில் தோடு அடகுக்குப் போகுது, பிறகு வட்டிக்கடன். மூத்தவளின் படிப்பு நின்றுபோன வீடுகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். இதில் என்ன வெட்கம்?

வட்டிக்காரனிடம் போகுமுன் பிரதேச செயலகத்துக்குப் போங்க. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் அங்கேயே விண்ணப்பிக்கலாம். அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. வைத்தியர் தந்த கடிதங்களைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்க, லயத்துக் கூரை ஒழுகும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் இருப்போம்.