இந்தத் தண்ணீரைப் பற்றியும் கேட்கப்படும்

 



மதீனாவில் ஒரு நாள், வழக்கமாக வெளியே வராத ஒரு வேளையில், நபி (ஸல்) அவர்கள் தம் இல்லத்திலிருந்து வெளியே வந்தார்கள். அங்கே அபூபக்ர் (ரலி) அவர்களையும் உமர் (ரலி) அவர்களையும் கண்டார்கள். இந்த நேரத்தில் வீட்டை விட்டு வந்த காரணம் என்ன என்று வினவியபோது, பசிதான் என்று இருவரும் மறைக்காமல் கூறினார்கள். தம்மை வெளியே கொண்டுவந்ததும் அதுவேதான் என்று அல்லாஹ்வின் தூதரும் சொன்னார்கள். மூவரும் ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குச் சென்றார்கள்.

அவர் வீட்டில் இல்லை. குடும்பத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார். நல்ல தண்ணீரைத் தேடிச் சென்று சுமந்து வரவேண்டிய ஊராக இருந்தது அது. கடற்கரை ஊர்களில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய மனைவியார் விருந்தினரை மனம் மகிழ்ந்து வரவேற்றார். சற்று நேரத்தில் திரும்பிய அந்தத் தோழர், வந்திருப்பவர்கள் யார் என்று பார்த்ததும், இன்று தம்மைவிடக் கண்ணியமான விருந்தாளிகளைப் பெற்றவர் எவருமில்லை என்று கூறி அல்லாஹ்வைப் புகழ்ந்தார். செங்காயும் கனிந்த பழமும் உலர்ந்த பழமும் கலந்திருந்த பேரீச்சங்குலை ஒன்றை வெட்டிவந்து முன்னே வைத்தார். பிறகு கத்தியை எடுத்தார். பால் தரும் ஆட்டை அறுத்துவிடாதீர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். பசித்திருக்கும் வேளையிலும் அந்த வீட்டாரின் நாளைய பாலை நினைத்துப் பார்த்த பண்பு அது!

ஆடு அறுக்கப்பட்டது. மூவரும் உண்டார்கள், அருந்தினார்கள், பசி தீர்ந்தது. அப்போதுதான் நபி (ஸல்) அவர்கள் தம் இரு தோழர்களையும் நோக்கி, மறுமை நாளில் இந்த அருட்கொடையைப் பற்றி நீங்கள் நிச்சயமாகக் கேட்கப்படுவீர்கள் என்று கூறினார்கள். பசியோடு வீட்டை விட்டு வந்தவர்கள், இந்த அருளைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறீர்கள் என்பதையும் நினைவூட்டினார்கள். இந்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்டுள்ளது. திர்மிதீயின் அறிவிப்பில் அந்தத் தோழர் அபுல் ஹைஸம் (ரலி) என்று பெயர் கூறப்படுகிறது. அங்கே நபியவர்கள் அந்த அருட்கொடைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள்: குளிர்ந்த நிழல், கனிந்த பழம், குளிர்ந்த நீர்.

இதை வாசிக்கும் நீங்கள் இங்கே சற்று நில்லுங்கள். கேள்வி உண்டு என்று யாரிடம் சொல்லப்பட்டது? சொர்க்கத்துக்கு நற்செய்தி பெற்ற இருவரிடம். எதைப் பற்றி? பசியால் வெளியே வந்து உண்ட ஒரு வேளை உணவைப் பற்றி. அப்படியானால் பசி என்பது ரமளான் பகலில் மட்டும் தெரியும் நம்மிடம், மூன்று வேளையும் உண்டு, இடையில் தேநீரும் பலகாரமும் உண்டு, மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு அதையும் எறிந்துவிடும் நம்மிடம், எத்தனை கேள்விகள் கேட்கப்படும்?

அருட்கொடைகளைப் பற்றிக் கேட்கப்படும் என்ற இதே எச்சரிக்கைதான் திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயமான அத்தகாஸுரின் கடைசி வசனமாக அமைந்துள்ளது. நம்மில் பெரும்பாலோருக்கு மனப்பாடமான சூரா. அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். மண்ணறையைச் சென்று காணும்வரை, அதிகமாகச் சேர்க்கும் ஆசை மனிதர்களைப் பராக்காக்கிவிட்டது என்று தொடங்குகிறது. எட்டே வசனங்கள். போட்டியில் தொடங்கி, கேள்வியில் முடிகிறது. இன்னும் வேண்டும் என்று ஓடுகிறவனின் கண்ணுக்குக் கையில் இருப்பது தெரிவதில்லை. தெரியாமல் போன அதைப் பற்றித்தான் அவன் விசாரிக்கப்படப் போகிறான்.

அப்பாஸியக் கலீபா ஹாரூன் ரஷீத் கி.பி. 786 முதல் 809 வரை ஆட்சி செய்தவர். அவருடைய அவைக்கு இப்னுஸ் ஸம்மாக் என்ற உபதேசி வந்திருந்தபோது, கலீபா தண்ணீர் கேட்டார் என்றும், கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும்போது உபதேசி தடுத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இந்தத் தண்ணீர் உங்களுக்கு மறுக்கப்பட்டால் என்ன விலை கொடுப்பீர்கள் என்று அவர் கேட்டார். ஆட்சியில் பாதியை என்றார் கலீபா. குடித்து முடித்தபின், இது உடலை விட்டு வெளியேறாமல் நின்றுவிட்டால் என்ன கொடுப்பீர்கள் என்று மீண்டும் கேட்டார். மறு பாதியை என்றார் கலீபா. ஒரு மிடறு தண்ணீருக்கு ஈடாகாத ஓர் ஆட்சிக்காகவா இவ்வளவு போட்டி என்று உபதேசி கேட்க, கலீபா அழுதுவிட்டாராம்.

இதை நாம் ஓர் அரசரின் கதையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இன்று நம் ஊர்களிலுள்ள மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு முறை நோயாளியைப் பார்க்கச் சென்று வாருங்கள், கதை நம்முடையதாகிவிடும். ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறக்குறைய அவ்வளவையும் இரத்தத்துக்கே திருப்பித் தந்து, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன. நாம் உறங்கும்போதும் இது நடக்கிறது. கூலி கேட்பதில்லை. அவை பழுதடைந்தவர் வாரத்தில் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருக்கிறார். அவர் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. தாகம் எடுத்தால் ஒரு சிறு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். குழாயைத் திறந்து, ஒரு சொம்பு நீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பிஸ்மில்லாஹ்வையும் அல்ஹம்துலில்லாஹ்வையும் மறந்துவிட்டுப் போகும் நாம், அவருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும்.

கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது நபி (ஸல்) அவர்கள் 'குஃப்ரானக்க' என்று இறைவனிடம் மன்னிப்புக் கோருவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த இடத்தில் மன்னிப்பு எதற்கு? அறிஞர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று: உணவை எளிதாக உட்புகச் செய்து, எளிதாக வெளியேறவும் செய்த அருளுக்கு முறைப்படி நன்றி செலுத்த இயலாத குறைக்காக. இந்த ஒரு சொல்லை நம் குழந்தைகளுக்குக் கற்றுத் தருகிறோம்; ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! நம்முடைய உணவு விரிப்புக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். ஒரு முறை வீட்டாரிடம் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். காடியைத் தவிர வேறில்லை என்று பதில் வந்தது. அதையே கொண்டுவரச் சொல்லி உண்டுவிட்டு, காடி எவ்வளவு நல்ல குழம்பு என்று புகழ்ந்தார்கள். இல்லாமையைச் சொல்ல நேர்ந்த வீட்டாரின் மனம் அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு ஆறுதல் அடைந்திருக்கும்! நம் வீடுகளிலோ, அதிகாலையில் எழுந்து ஸஹருக்குச் சமைத்தவர் கடைசியில் இரண்டு கவளம் உண்பதற்குள் பாங்கு சொல்லிவிடுகிறது. சமைத்தவரின் காதில் விழுவதோ, உப்புக் குறைவு என்பதுதான்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்று நபிமொழி உண்டு (நூல்: அபூதாவூத், திர்மிதீ). இதை நாம் மேடையில் பொன்னாடை போர்த்துவதற்குப் பயன்படுத்துகிறோம், வீட்டுக்குள் பயன்படுத்துவதில்லை. வளைகுடா நாட்டின் வெயிலில் நின்று உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்பும் சபுராளிக்கு, அந்தப் பணம் வந்து சேர்ந்ததா என்ற செய்தி போகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்ற கேள்வி போவதில்லை. மாமனார், மாமியாரையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவிக்கும், போன மாதப் பணம் என்ன ஆயிற்று என்ற கணக்குத்தான் வந்து சேர்கிறது. இருவரும் நல்லவர்களே. இருவருமே மற்றவர் செய்வதைக் கடமைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். கடமைக் கணக்கில் எழுதியதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவிடம், இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்த்துவிடுவோம், நபியவர்களின் வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது என்று ஒரு முறை கூறினார்கள். பிறகு எதை உண்டு வாழ்ந்தீர்கள் என்று அவர் கேட்க, பேரீச்சம்பழமும் தண்ணீரும் என்றார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. அன்ஸாரிகளான அண்டை வீட்டார் சிலர் தங்கள் கால்நடைகளின் பாலை அனுப்புவார்கள், அதை நபியவர்கள் எங்களுக்கு அருந்தத் தருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் தம் வறுமையை நினைவுகூரும்போதுகூட, பால் கொடுத்த பக்கத்து வீட்டாரை அன்னையவர்கள் விட்டுவிடவில்லை.

இதற்கு நேர்மாறான குணத்தைத் திருக்குர்ஆன் 'கனூத்' என்ற சொல்லால் குறிக்கிறது (100:6). சோதனைகளை எண்ணிக்கொண்டு, அருட்கொடைகளை மறந்துவிடுபவன் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அதற்கு விளக்கம் தந்துள்ளார்கள். எண்ணுவதில் நாம் வல்லவர்களே. எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறுபாடு. உலகப் பொருளில் உங்களுக்குக் கீழே இருப்பவரைப் பாருங்கள், மேலே இருப்பவரைப் பார்க்காதீர்கள் என்ற நபிமொழியைக் கேட்டுவிட்டு, கைப்பேசியைத் திறந்தால் நாள் முழுதும் மேலே இருப்பவர்களின் படங்களையே பார்க்கிறோம். அந்த வீட்டு நிக்காஹ்வில் ஐந்து வகை உணவு என்றால் நம் வீட்டில் ஏழு வகை. அதற்காக நகை அடகுக் கடைக்குப் போகிறது. வலீமா என்ற சுன்னத்தை நிறைவேற்ற வட்டி என்ற ஹராமில் கால் வைக்கும் கொடுமையை என்னவென்று சொல்வது! தன் வீட்டில் அச்சமின்றி, உடல்நலத்துடன், அன்றைய உணவோடு ஒருவர் காலையில் கண் விழித்தால், உலகமே அவருக்காகத் திரட்டித் தரப்பட்டது போன்றதாகும் என்று திர்மிதீயில் ஒரு நபிமொழி இருக்கிறது. அந்த மூன்றும் இருந்த ஒரு குடும்பம், ஒரே ஒரு நாள் விருந்துக்காக அச்சமின்மையை விற்றுவிட்டுக் கடன்காரரின் அழைப்புக்கு நடுங்குகிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். துயரத்தில் இருப்பவரின் வாயை அடைக்க ஷுக்ரைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளையை இழந்த தாயிடம் போய், மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே, நன்றி செலுத்து என்பது மார்க்கமன்று. தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். உள்ளம் வருந்துகிறது என்று சொன்னார்கள். இறைவன் பொருந்தாத சொல்லை மட்டுமே தவிர்த்தார்கள். அதுபோலவே, கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, இருப்பதைக் கொண்டு திருப்தி அடை என்று வேலையாளுக்கு உபதேசம் செய்ய முதலாளிக்கு உரிமையில்லை. கீழே இருப்பவரைப் பார்ப்பது அவருக்குக் கை கொடுப்பதற்கும்தான்.

நன்றியுணர்வு வந்தவர் என்ன செய்வார்? கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாததால், 50 நாட்கள் ஊரே அவரோடு பேசவில்லை. ஐம்பதாம் நாள் ஃபஜ்ருக்குப் பின், வீட்டு மேல்தளத்தில் அவர் அமர்ந்திருந்தபோது, ஒரு மலையின் மீதிருந்து ஒருவர் நற்செய்தியை உரக்கக் கூவினார். கஅப் (ரலி) அப்படியே ஸஜ்தாவில் விழுந்தார். கூவியவர் நேரில் வந்து சேர்ந்ததும், தாம் அணிந்திருந்த இரு ஆடைகளையும் கழற்றி அவருக்கு அணிவித்தார். அன்று அவரிடம் வேறு ஆடை இல்லை. இரண்டு ஆடைகளை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டுதான் நபியவர்களைக் காணச் சென்றார். அல்லாஹ்வுக்கு ஸஜ்தா, செய்தி கொண்டுவந்த மனிதருக்கு ஆடை. இரண்டும் ஒரே காலையில்.

நமக்கு ஒவ்வொரு நாளும் வேண்டியதையும் நபியவர்கள் காட்டித் தந்துள்ளார்கள். மனிதனின் 360 மூட்டுகளுக்கும் தினமும் தர்மம் உண்டு. சுப்ஹானல்லாஹ் என்பதும், அல்ஹம்துலில்லாஹ் என்பதும், நன்மையை ஏவுவதும் அதில் சேரும். இரண்டு ரக்அத் லுஹாத் தொழுகை அவை அனைத்துக்கும் போதுமானது. முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களுக்கு, ஒரு மூட்டின் மதிப்பு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் கையை ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் பற்றிக்கொண்டு, உம்மை நான் நேசிக்கிறேன் என்று கூறிவிட்டு, ஒவ்வொரு தொழுகையின் இறுதியிலும் ஒரு துஆவை விட்டுவிடாதீர் என்று உபதேசித்தார்கள். இறைவனை நினைவுகூரவும், அவனுக்கு நன்றி செலுத்தவும், அவனை அழகிய முறையில் வணங்கவும் அவனிடமே உதவி கேட்கும் துஆ அது. நன்றி செலுத்துவதற்கும் அவன் உதவி வேண்டும்! இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நீங்கள், அடுத்த தொழுகையின் பாங்கு சொல்வதற்குள் அந்தத் துஆவை மனனம் செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர்கள் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அந்த உதவியைத் தந்தருள்வானாக! ஆமீன்.